ஆற்றில் முதல் கயாக் பயணம்: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

புதியவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. நீச்சல் தெரிய வேண்டுமா, படகு கவிழுமா, போனை எங்கே வைப்பது. கேட்டே ஆக வேண்டிய ஒன்றை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "இதை எப்படி நிறுத்துவது?" ஏரியில் துடுப்பை மடியில் வைத்துவிட்டால் படகு கொஞ்ச தூரம் போய்த் தானாக நின்றுவிடும். ஆற்றில் நீங்கள் சும்மா இருந்தாலும் ஆறு சும்மா இருக்காது. கீழே உள்ள பதில்களில் பாதி, எங்கெங்கோ சுற்றி அந்த இடத்துக்கே வந்து சேரும்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். ஆனால் அகலமாக, அமைதியாக ஓடும் ஆறாக இருக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலேயே வர வேண்டும். அதற்கு முன்பு ஒரு நாள், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஓட்டமில்லாத இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து மிதந்து பாருங்கள். கூடவே ஒருவர் நிற்கட்டும். ஜாக்கெட் தூக்கிப் பிடிக்கிறது என்று உடம்பு ஒரு முறை நம்பிவிட்டால் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

முகத்தில் தண்ணீர் பட்டதும் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். குளத்தில் இருபது சுற்று நீந்துகிறவர் ஆற்றில் விழுந்ததும் பதறிப்போய்ப் பக்கத்துப் படகைப் பிடித்து இழுத்து அதையும் கவிழ்த்திருக்கிறார். நீச்சலே தெரியாத ஒருவர், சொல்லிக்கொடுத்தபடி மல்லாந்து மிதந்துகொண்டே "துடுப்பு அங்கே போகுது, பிடிங்க" என்று கத்தியிருக்கிறார். அதற்காக நீச்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்குள் கற்றுக்கொள்ளுங்கள்.

கயாக் என்றால் என்ன? பரிசல், தோணி மாதிரிதானே?

நீளமான, ஒடுங்கிய படகு. காலை நீட்டி உட்கார்ந்து, போகும் திசையைப் பார்த்தபடி, இரண்டு முனையிலும் தகடு உள்ள துடுப்பை மாற்றி மாற்றிப் போடுவோம். ஆர்க்டிக் கடலோரத்து இன்யூட் முதலிய மக்கள் வேட்டைக்காக உருவாக்கியது. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தார்கள். இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். பரிசல் வட்டமாக இருப்பதால் சுழலும். கயாக் நேராகப் போவதற்காகச் செய்யப்பட்டது. ஆனாலும் முதல் அரை மணி நேரம் அதுவும் உங்களைச் சுற்றிக் காட்டும், கவலைப்பட வேண்டாம்.

எந்த மாதிரி ஆறு முதல் பயணத்துக்கு ஏற்றது?

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை வகுப்புகளாகப் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. முதல் வகுப்பில் தண்ணீர் ஓடும், சின்ன அலைகள் இருக்கும், தடைகள் குறைவு, விழுந்தாலும் எளிதாகக் கரைசேரலாம். இரண்டாம் வகுப்பில் அலை கொஞ்சம் பெரிது. பாறைகளுக்கு நடுவே வளைந்து போக வேண்டியிருக்கும், ஆனால் போகும் வழி படகில் உட்கார்ந்தபடியே தெரியும். மூன்றிலிருந்து பயிற்சி பெற்றவர்களின் உலகம். ஆறாம் வகுப்பு என்பது தேர்ந்தவர்களே பெரும்பாலும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் இடம்.

முதல் நாளுக்கு முதல் வகுப்பு போதும். நடுவில் இரண்டாம் வகுப்பில் ஓரிரு இடங்கள் வரும் என்றால், அதற்குக் கீழே அகலமான, அமைதியான தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அலையில் விழுவது பெரிய விஷயமில்லை. விழுந்தவர் மூச்சு வாங்கிப் படகைப் பிடிப்பதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால்தான் சிக்கல்.

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அதே ஆற்றை ஒரு வகுப்பு கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். சாலையோ ஆளோ இல்லாத பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றுக்கும் அப்படித்தான்.

நண்பர்கள் போன மாதம் போய்விட்டு வந்த ஆறுதான். அப்படியென்றால் பயமில்லை, சரிதானே?

பெயர்தான் அதே ஆறு. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், குறுக்கே நிற்கும் எதன் மேலும் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். போன மாதம் காலை நனைத்துக்கொண்டு நின்ற இடத்தில் இந்த மாதம் நிற்கவே முடியாமல் போவது இதனால்தான். நீர்மட்டம் ஏறினால் கரையோர மரக்கிளைகளும் தண்ணீருக்குள் வந்துவிடும். ரொம்பவும் வற்றினாலோ வேறு தொல்லை: படகைக் கல்லிலிருந்து கல்லுக்கு இழுத்தே நாள் போய்விடும்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வருகிறது, கிளைகளும் குப்பையும் மிதந்து வருகின்றன, கரையோரப் புல் தண்ணீருக்குள் படுத்துக் கிடக்கிறது என்றால் அன்றைக்குப் போக வேண்டாம். மேலே அணை இருந்தால் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் படகை இறக்க வேண்டும்.

ஒரு சின்னப் பழக்கம்: சாப்பிட ஒதுங்கும்போது தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சாப்பிட்டு எழும்போது குச்சி தண்ணீருக்குள் இருந்தால் மேலே எங்கோ மழை, அல்லது மதகு திறந்திருக்கிறார்கள். அப்போது இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கதை பேசலாம் என்று நினைக்காதீர்கள். படகுகளை உயரத்துக்கு ஏற்றுங்கள்.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

8 முதல் 12 கிலோமீட்டர் வரை ஒரு நாளுக்கு நிறைவாக இருக்கும். தேங்கிய நீரில் நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகலாம். ஓட்டம் கூடச் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆனால் பறவையைப் பார்க்க நிற்பது, கவிழ்ந்தவருக்காகக் காத்திருப்பது, படகிலிருந்து தண்ணீரைக் கொட்டுவது எல்லாம் சேர்த்தால் சராசரி 3 கிலோமீட்டருக்கு வந்துவிடும். அந்தக் கணக்கிலேயே திட்டமிடுங்கள். காலையிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று கிளம்பினால் அமைதியான நீரில்கூடப் படகு நகராது. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையேறிவிடும்படி பார்த்துக்கொண்டால் தாமதமானாலும் தப்பிக்கலாம்.

புறப்பட்ட இடத்துக்கு எப்படித் திரும்பி வருவது?

எதிரோட்டத்தில் துடுப்புப் போட்டு வர முடியாது, அதை மறந்துவிடுங்கள். இரண்டு வண்டி வேண்டும். காலையில் ஒரு வண்டியைக் கரையேறும் இடத்தில் விட்டுவிட்டு, எல்லோரும் மற்றதில் மேலே போக வேண்டும். யாராவது கொண்டுவந்து விட்டு, அழைத்துப் போவதாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கரையேறும் இடத்தை காலையிலேயே நேரில் போய்ப் பாருங்கள் என்பதற்காகத்தான் இந்தக் கேள்வியைச் சேர்த்தேன். சாலையிலிருந்து பார்க்கும் இடம் தண்ணீரிலிருந்து வேறு மாதிரி இருக்கும். அதனால் தண்ணீரோரம் இறங்கி நின்று, அதற்கு இரண்டு வளைவு முன்னால் என்ன அடையாளம் தெரியும், எந்தக் கரை என்று மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். தவறவிட்டால் ஆறு உங்களுக்காகத் திரும்பாது.

அப்புறம், சாவி. கீழே நிற்கும் வண்டியின் சாவியை மேலே விட்ட வண்டியின் டேஷ்போர்டில் பத்திரமாக வைத்துவிட்டு நான்கு மணி நேரம் ஆனந்தமாகப் படகு ஓட்டி வந்திருக்கிறேன். நனைந்த உடையோடு, வண்டியின் கண்ணாடி வழியே உள்ளே இருந்த காய்ந்த துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

எந்தப் படகை எடுப்பது?

முதல் முறைக்கு சிட்-ஆன்-டாப், அதாவது மூடாத தட்டின் மேல் உட்காரும் வகை. கவிழ்ந்தால் சறுக்கி விழுந்துவிடுவீர்கள், சிக்கிக்கொள்ள ஒன்றுமில்லை. உள்ளே புகுந்த தண்ணீர் அடியில் உள்ள துளைகள் வழியே தானே வடியும். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகை வேகமானது, குளிருக்கு இதமானது. ஆனால் கவிழ்ந்தால் வெளியே வரப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வரும்வரை இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட் பக்கமே போக வேண்டாம்.

இருவர் படகு பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். பின்னால் இருப்பவர் திசை பார்க்க வேண்டும், முன்னால் இருப்பவர் தாளம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இருவருமே திசை பார்ப்பார்கள். தம்பதிகள் தனித்தனிப் படகில் போனால் மாலையில் சேர்ந்து வீடு திரும்பலாம் என்பது என் அபிப்பிராயம்.

லைஃப் ஜாக்கெட்டை எப்படித் தேர்வு செய்வது?

தண்ணீரில் இருக்கும் பெரியவர் ஒருவரின் தலையை மேலே வைத்திருக்கக் கூடுதலாக 3 முதல் 5.5 கிலோ மிதவிசை இருந்தால் போதும். கயாக்கில் போடும் சாதாரண ஜாக்கெட்டில் 50 நியூட்டன் என்று அச்சிட்டிருப்பது ஏறக்குறைய 5 கிலோ. ஆகவே குண்டாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. பொருந்துகிறதா என்று பாருங்கள். எல்லா வாரையும் இறுக்கிவிட்டுக் கையைத் தூக்குங்கள். கூட வந்தவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் உங்கள் காதுவரை ஏறினால் அது தண்ணீரில் உங்களை விட்டுவிட்டுத் தனியாக மிதக்கும். அப்படிப்பட்டதை மாட்டிக்கொண்டு இறங்குவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான்.

வெயிலாக இருக்கிறது என்று நடுவில் கழற்றி மடியில் வைப்பவர்கள் உண்டு. மடியில் இருக்கும் ஜாக்கெட் படகோடு போகும், உங்களோடு வராது.

பாறையுள்ள ஆறாக இருந்தால் ஹெல்மெட்டும் வேண்டும்.

என்ன உடுத்துவது?

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் கண்டிப்பாக வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நீந்தப் போடும் துணியோ, சீக்கிரம் உலரும் பாலியெஸ்டரோ நல்லது. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் மோவாயின் அடியிலும் மூக்கின் கீழும் சுடும், அங்கேயும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும்.

வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. அப்படிப்பட்ட ஆற்றுக்கு, உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் அவசியம்.

காலில் பின்பட்டை உள்ள செருப்போ பழைய ஷூவோ. ரப்பர் செருப்பு முதல் சேற்றிலேயே பிரிந்து போகும். கண்ணாடி அணிபவர்கள் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

என்னென்ன எடுத்துப் போகலாம்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளந்து எடுத்து வந்ததே ஆற்றில் விழும். ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், கொறிக்க ஏதாவது, மாற்று உடை, சின்ன முதலுதவிப் பை, விசில். நனையக் கூடாதவற்றைத் தண்ணீர் புகாத ட்ரை பேக்கில் போட்டு, வாயை மூன்று முறையாவது சுருட்டி மாட்ட வேண்டும். ஒரு முறை மடித்துவிட்டு மூடியதாக நினைப்பவர்களின் போன்தான் அரிசி டப்பாவுக்குள் போகிறது. பையைப் படகோடு கட்டுங்கள். நீளமான தளர்ந்த கயிறு மட்டும் படகில் எங்கும் தொங்கக் கூடாது, கவிழ்ந்தால் காலில் சுற்றும்.

படகில் ஏறும்போதே விழுந்துவிடுவேனோ?

பெரும்பாலானோர் விழுவது அங்கேதான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கும் அந்த இரண்டு நொடிதான் காரணம். கணுக்கால் ஆழத்தில் படகைக் கரைக்கு இணையாக நிறுத்தி, முதலில் இருக்கையில் உட்காருங்கள், அப்புறம் கால்களை உள்ளே எடுங்கள். நின்றுகொண்டே ஏறப் பார்க்காதீர்கள்.

துடுப்பை எப்படிப் பிடிப்பது, எப்படிப் போடுவது?

துடுப்பைத் தலைமேல் வைத்துப் பாருங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும் இடம்தான் கைகளுக்கான இடம். விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கால்விரல் பக்கத்தில் தகட்டை முழுவதும் முக்கி, இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது தண்ணீரைத் தூக்கி வீசத்தான் பயன்படும். கையால் இழுக்காமல் வயிற்றுக்கு மேலுள்ள உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டும்.

வலப்பக்கம் முன்னாலிருந்து பின்னால் அரைவட்டமாகத் துடுப்பை வீசினால் படகின் மூக்கு, அதாவது முன்முனை, இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் பின்னாலிருந்து முன்னால் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், வேகமும் குறையும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பின்னோக்கிப் போட்டால் பிரேக். இந்த மூன்றும் வந்துவிட்டால் முதல் நாளுக்குப் போதும்.

எந்த வழியில் போவது என்று எப்படித் தெரியும்?

ஆற்றின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது சொல்லும். கருத்த, வழவழப்பான தண்ணீர் ஒரு முக்கோணமாகக் குவிந்து, அதன் கூர்முனை கீழ்நோக்கி, அதாவது ஓட்டம் போகும் திசையில், காட்டுகிறதா? இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆழமான வழி அதுதான், அதன் நடுவில் போங்கள். கூர்முனை உங்களை நோக்கிக் காட்டுகிறதா? அந்த முனையில் தண்ணீருக்குச் சற்றுக் கீழே கல் இருக்கிறது. ஒரே இடத்தில் நிலையாகப் புடைத்து நிற்கும் தண்ணீரின் அடியிலும் பாறைதான்.

வளைவுகளில் ஓட்டம் உங்களை வெளிப்பக்கம் தள்ளும். அங்கேதான் கரை அரிக்கப்பட்டு மரங்கள் சாய்ந்து கிடக்கும். ஆகவே வளைவு வருவதற்கு முன்பே உள்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். வந்த பிறகு ஒதுங்கலாம் என்றால் நேரம் இருக்காது. முன்னால் ஆறு திடீரென ஒரு கோடாக முடிந்து, அதற்கு அப்பால் தண்ணீர் தெரியாமல் மரங்களின் தலை மட்டும் தெரிந்தால், அங்கே ஆறு கீழே இறங்குகிறது. கரையேறி நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சரி, எப்படி நிறுத்துவது?

யாரும் கேட்காத கேள்வி. நீங்களே கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

ஓட்டத்தில் நிற்கும் பெரிய பாறையின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் பாய்ந்து போன தண்ணீரில் ஒரு பங்கு திரும்பி வந்து பாறைக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தை நிரப்பும். அங்கே நுரையும் இலையும் மெதுவாக மேல்நோக்கி, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், நகர்வதைப் பார்க்கலாம். படகோட்டிகள் அதை எடி என்பார்கள். ஆற்றின் வாகன நிறுத்துமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் நீருக்கும் எடிக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். பாறையைத் தாண்டியதும், அந்தக் கோட்டைச் சாய்வாக, வேகம் குறையாமல் வெட்டி உள்ளே போக வேண்டும். மூக்கு எடிக்குள் போனதும் வால் இன்னும் ஓட்டத்தில் இருக்கும்; படகு சட்டென்று மேல்நோக்கித் திரும்பும். அந்த நேரம் சைக்கிளில் வளையும்போது சாய்வது போலத் திரும்பும் பக்கமே சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் குளியல்தான்.

திரும்பி முடித்ததும் சுற்றிலும் தண்ணீர் இரைந்து ஓட, நீங்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நொடியில் புதியவர்களின் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே நான் முதல் அரை மணி நேரத்தை முழுவதும் இதற்குத்தான் ஒதுக்குவேன். கீழே போய்க்கொண்டே இருப்பதை ஆறு பார்த்துக்கொள்ளும். ஒதுங்கத் தெரிந்தவருக்குத்தான் அடுத்த வளைவை நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும்.

எடி இல்லாத இடத்தில் மூக்கை மேல்நோக்கிச் சற்றுச் சாய்வாகத் திருப்பி, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போடுங்கள். படகு கீழே போகாமல் பக்கவாட்டில் கரையை நோக்கி நழுவும்.

பாறையில் மோதினால்?

மூக்கு இடித்தால் ஒன்றும் ஆகாது, படகு தானாகத் திரும்பி நழுவிவிடும். பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்டால்தான் கவனம் வேண்டும். பாறை நெருங்கும்போது மனது "விலகு" என்கிறது, உடம்பு பாறைக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. அந்தப் பக்கம்தான் ஓட்டம் வந்து முட்டும் பக்கம். விளிம்பு ஒரு விரல் அகலம் தாழ்ந்தால் போதும், தண்ணீர் அதன் மேல் ஏறி உட்கார்ந்து படகைப் புரட்டிவிடும். ஆகவே பாறையின் மேல் சாயுங்கள், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாலும் சரி. அப்புறம் கையால் தள்ளித் தள்ளி ஒரு முனைக்கு நகர்ந்தால் ஓட்டமே எடுத்துக்கொண்டு போகும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

முதலில், இதை ஒரு விபத்தாக நினைக்காதீர்கள். காலையிலேயே அமைதியான இடத்தில் வேண்டுமென்றே ஒரு முறை கவிழ்ந்துவிட்டால் நாள் முழுவதும் இலகுவாக இருக்கும். உள்ளே உட்காரும் படகாக இருந்தால், முன்னால் குனிந்து, படகின் இரு பக்கமும் கையை ஊன்றி, பேண்ட்டைக் கழற்றுவது போலப் படகைக் கழற்றிவிட வேண்டும்.

வெளியே வந்ததும் மல்லாந்து மிதக்க வேண்டும். கால்கள் ஓட்டத் திசையில், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே உங்களுக்குத் தெரியும்படி. வரும் பாறையைப் பாதத்தால் உதைத்துத் தள்ளலாம். ஓட்டம் கொஞ்சம் தணிந்ததும் குப்புறத் திரும்பி, கரையை நோக்கிச் சாய்வாக வேகமாக நீந்துங்கள்.

எழுந்து நிற்காதீர்கள். இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள ஓட்டத்தில் நிற்க முயன்றால் பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டும், ஓட்டம் முதுகில் மோதி ஆளை முன்னால் மடக்கும், தலை தண்ணீருக்குள் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இடுப்பளவு நீரில் இறந்திருப்பது இப்படித்தான். கை தரையைத் தொடும்வரை நீந்தி, அதற்குப் பிறகுதான் எழ வேண்டும்.

படகுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது ஓட்டம் அதைத் தள்ளிக்கொண்டு வரும் பக்கம், இருக்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய படகு 200 கிலோவுக்கு மேல் இருக்கும். உங்களுக்கும் பாறைக்கும் நடுவே அது வந்தால் அது ஜெயிக்கும். படகின் மேல்முனையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆபத்தான இடத்துக்கு இழுத்தால் கையை விட்டுவிடுங்கள். யாராவது மீட்புக் கயிற்றை அதன் பையோடு வீசினால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்து, நெஞ்சோடு வைத்து மல்லாந்துகொள்ளுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது எதற்கு?

இரண்டுக்கு. பெரிய அலையைப் பார்த்துப் பயப்படுவார்கள். இந்த இரண்டும் அமைதியாக இருக்கும் என்பதால் யாரும் பயப்படுவதில்லை.

ஒன்று, ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே வடிந்து போகும், ஆள் போக முடியாது. வடிகட்டியில் தங்கும் தேயிலை மாதிரி. தூரத்தில் பார்த்ததுமே மறுகரைப் பக்கம் ஒதுங்குங்கள். தண்ணீரில் விழுந்து தவிர்க்கவே முடியாமல் அதன் மேல் போய்க்கொண்டிருந்தால் மட்டும் மல்லாந்த நிலையை விட்டுவிட வேண்டும். தலை முன்னால் இருக்க, முழு வேகத்தில் அதை நோக்கி நீந்தி, எட்டிப் பிடித்து மேலே ஏறுங்கள்.

மற்றது தடுப்பணை. அரை ஆள் உயரம்கூட இருக்காது. மேலிருந்து வரும்போது கண்ணாடி போன்ற தண்ணீரும் ஒரு நேர்கோடும்தான் தெரியும். விழும் தண்ணீர் அடியில் சுருண்டு, அகலம் முழுக்க ஒரே சீராக மேல்நோக்கித் திரும்பி வருவதால், மாட்டிய படகையும் ஆளையும் அணையின் சுவருக்கே இழுத்து மீண்டும் மீண்டும் முக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவர்களையும் விடாது. வரைபடத்தில் தடுப்பணை இருந்தால் அதற்கு வெகு முன்னாலேயே கரையேறி, படகைத் தூக்கி நடந்து தாண்டுங்கள். காப்பாற்றப் போனவர்கள் மாட்டியதும் உண்டு.

தனியாகப் போகலாமா? கூட்டமாகப் போனால் எப்படி வரிசை?

தனியாக வேண்டாம். மூன்று படகாவது இருந்தால் நல்லது: ஒருவர் விழுந்தால் ஒருவர் ஆளைப் பார்ப்பார், ஒருவர் படகைப் பிடிப்பார். வழி தெரிந்தவர் முன்னால், 15, 20 மீட்டர் மீட்புக் கயிறு வைத்திருக்கும் அனுபவசாலி கடைசியில். முன்னவரின் வாலில் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள்.

தண்ணீரின் இரைச்சலில் குரல் கேட்காது. துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் "வரலாம்". தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் "நில்". தலையைக் கையால் தட்டினால் "நலம்". விசில் ஒரு முறை என்றால் "இங்கே பார்", மூன்று முறை என்றால் ஆபத்து. கையைக் காட்டுவதாக இருந்தால் எப்போதும் போக வேண்டிய பக்கத்தையே காட்டுங்கள். பாறையைச் சுட்டிக் காட்டினால் பின்னால் வருபவர் நேராகப் பாறைக்கே போவார், பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

அமைதியான ஆறு, பெரியவரோடு இருவர் படகு, அவர்கள் எடைக்கான ஜாக்கெட், சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே வரும் வார். இவை இருந்தால் வரலாம். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. அவர்களுக்குக் குளிரும் சலிப்பும் சீக்கிரம் வரும், தூரத்தைப் பாதியாக்குங்கள்.

நடுவில் ஒதுங்க வேண்டியிருந்தால்?

கூச்சப்படாமல் சொல்லுங்கள், கரைக்குப் போவோம். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் மதியத் தலைவலிக்குக் காரணம்.

மழை வந்தால்?

தூறலுக்குப் பயமில்லை, எப்படியும் நனைந்துதான் இருப்பீர்கள். இடி கேட்டால் கரையேறிவிட வேண்டும்; கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

மறுநாள் கை வலிக்குமா?

எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். புஜமும் முன்கையும் வலித்தால் நாள் முழுக்கக் கையால் இழுத்திருக்கிறீர்கள். விலாவின் இரு பக்கமும் வலித்தால் உடம்பைத் திருப்பி ஓட்டியிருக்கிறீர்கள், சபாஷ். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொப்புளம் இருந்தால் துடுப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். தொடையின் பின்பக்கம் இழுத்தால் காலை நீட்டி உட்கார்ந்ததால் வந்தது, இரண்டு நாளில் போய்விடும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.